பாரபூவில் மிஞ்சியவை

சிகாகோவிலிருந்து வடமேற்கே போகும் நெடுஞ்சாலையில் விஸ்கான்சின் மாநில எல்லையைத் தாண்டியதும் விளம்பரப் பலகைகள் தொடங்கிவிடும். நீர்ச்சறுக்கு, கூரைக்குள் அடங்கிய நீர்ப்பூங்கா, ட்ரோஜன் குதிரையின் வயிற்றுக்குள் புகுந்து வெளியேறும் கோ-கார்ட் பாதை. எல்லாமே விஸ்கான்சின் டெல்ஸ் என்ற ஊருக்கான அழைப்புகள். ஆற்றின் இருபுறமும் நிற்கும் மணற்பாறைகளைப் பார்க்கத்தான் ஆதியில் அங்கே கூட்டம் வந்தது. எச். எச். பென்னட் என்ற உள்ளூர்ப் புகைப்படக்காரர் 1886இல் தன் மகனை ஒரு பாறையிலிருந்து எதிர்ப்பாறைக்குத் தாவச் சொல்லி, அந்தரத்தில் நிற்பதுபோலப் படமெடுத்தார். அன்றைய கேமராவுக்கு அது பெரிய வித்தை. பாறைகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகிறவர்கள்தான் குறைவு.

என் அண்ணன் மகள் மேடிசன் நகரத்தில் வேலை பார்க்கிறாள். டெல்ஸ் போகலாமா என்று கேட்டதற்குச் சிரித்தாள். “அங்க போனா தண்ணில நனையலாம் அத்தை, அவ்வளவுதான். வாங்க, பாரபூ கூட்டிட்டுப் போறேன்.”

டெல்ஸுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டரில் இருக்கிறது பாரபூ. மக்கள்தொகை பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். சாக் மாவட்டத்தின் தலைமையிடம் என்பதால் ஊர் நடுவே ஒரு நீதிமன்றம், அதைச் சுற்றி நாற்புறமும் கடைவீதி. மத்திய மேற்கு மாநிலங்களின் சிற்றூர்கள் கார்களை நிறுத்திவைக்க என்னென்னவோ செய்யும். ஒரு ஊர் ராட்சத மீன் செய்து வைக்கும், இன்னொன்று உலகின் மிகப் பெரிய நூல் உருண்டையைச் சுற்றி வைக்கும். பாரபூ அப்படிப் புதிதாக எதையும் செய்யவில்லை. விட்டுப்போனதும் தொலைத்ததும் அழியவிருந்ததும்தான் அதன் காட்சிப்பொருள்கள். அதை முழுக்கப் பெருமையாகச் சொல்லிவிட முடியாது என்பது போகப் போகப் புரிந்தது.

செப்டம்பர் கடைசி. மேப்பிள் மரங்களில் ஒன்றிரண்டு கிளைகள் மட்டும் அவசரப்பட்டுச் சிவந்திருந்தன. மேடிசனிலிருந்து 12ஆம் எண் சாலையில் போனோம். சாக் சிட்டியில் விஸ்கான்சின் ஆற்றைக் கடந்ததும் நிலம் சட்டென்று மட்டமாகிவிடுகிறது. சாக் புல்வெளி என்று பெயர். வலது கைப்பக்கம் மைல் கணக்கில் வெறும் புல், நடுநடுவே எங்கும் போய்ச் சேராத பழைய தார்ச்சாலைகள். முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் இந்த இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பார்த்திருக்கலாம். பேட்ஜர் ராணுவ வெடிமருந்துத் தொழிற்சாலை. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, 1942இல், ஏறக்குறைய தொண்ணூறு விவசாயக் குடும்பங்களை வெளியேற்றி, ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் வளைத்துக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம் என்று மூன்று போர்களுக்கு இங்கிருந்து புகையில்லா வெடிமருந்தும் ராக்கெட் எரிபொருளும் போயின. 1997இல் இனித் தேவையில்லை என்று ராணுவம் கைகழுவியது. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ரசாயனம் இறங்கியிருந்தது. அக்கம்பக்கத்துக் கிணறுகள் வரை அது பரவியிருந்தது. கட்டடங்களை இடித்து, மண்ணைச் சுத்தம் செய்யவே பல ஆண்டுகள் பிடித்தன.

இப்போது அந்த நிலம் மூன்று பேரிடம் இருக்கிறது. ஒரு பகுதி மாநில அரசின் பொழுதுபோக்கு நிலம். நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். ஒரு பகுதியில் மாட்டுத்தீவன ஆராய்ச்சிப் பண்ணை. சுமார் 1,500 ஏக்கர் ஹோச்சங்க் என்ற பூர்வகுடி மக்களிடம் திரும்பிப் போயிருக்கிறது. இந்த வட்டாரம் முழுவதுமே அவர்களுடையதுதான். 1837இல், தங்களுக்குப் புரியவைக்கப்பட்டதும் எழுதப்பட்டதும் வேறு வேறு என்று அவர்கள் இன்றுவரை சொல்லும் ஓர் ஒப்பந்தத்தின் பேரில் நிலத்தைப் பறிகொடுத்தார்கள். ராணுவம் அவர்களை மேற்கே கொண்டுபோய் விடுவதும் அவர்கள் நடந்தே திரும்பி வருவதும் நாற்பது ஆண்டுகள் நடந்தன. முதலில் அவர்களை அனுப்பிவிட்டு விவசாயிகள் வந்தார்கள், விவசாயிகளை அனுப்பிவிட்டு வெடிமருந்து வந்தது, வெடிமருந்து போனபின் புல் வந்திருக்கிறது. சுற்றுலாக் கையேட்டில் இந்த இடத்துக்கு ஒரு பத்திதான். என் கணக்கில் பாரபூவின் முதல் காட்சிப்பொருள் இந்த வெட்டவெளிதான்.

சாலையின் எதிர்ப்பக்கம் பழைய சாமான் விற்கும் ஒரு கிடங்கு. அதன் பின்னால் நடந்தால், மரங்களுக்கு நடுவே துருப்பிடித்த ஒரு பூதம் எழுந்து நிற்கிறது. பெயர் ஃபாரெவர்ட்ரான். ஐம்பது அடி உயரம், நூற்றிருபது அடி அகலம், எடை முந்நூறு டன். செய்தவர் டாம் எவ்ரி. தொழிற்சாலைகளையும் பழைய கட்டடங்களையும் இடித்து, இரும்பு பிரித்து விற்பதுதான் அவர் தொழில். கையில் வந்தவற்றுள் அழகானவற்றை உருக்கக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. 1983இல் தொழிலை விட்டுவிட்டு அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கத் தொடங்கினார். அதற்கு ஒரு கதையும் கட்டினார். டாக்டர் எவர்மோர் என்ற விக்டோரியா காலத்துப் பேராசிரியர் தாமிர முட்டை ஒன்றுக்குள், கண்ணாடி உருண்டையில் உட்கார்ந்துகொண்டு, மின்னலின் காந்த விசையில் விண்ணுலகம் போய்ச் சேரப் போகிறாராம். அதற்கான இயந்திரம் இது. உச்சியில் அந்த முட்டை இருக்கிறது. ஏறிப்போகச் சுழல்படிக்கட்டும், அவர் நிஜமாகவே போய்ச் சேர்கிறாரா என்று சந்தேகப்படுகிறவர்கள் பார்த்துத் தெளிவதற்கு ஒரு தொலைநோக்கியும் உண்டு. எடிசன் காலத்து டைனமோக்கள் இரண்டு இதில் இருக்கின்றன. அப்போலோ விண்வெளித் திட்டத்தில் பயன்பட்ட கிருமிநீக்க அறை ஒன்றும் இதில் உண்டு என்கிறார்கள்.

இயந்திரத்தைவிட என்னை நிறுத்திவைத்தவை பறவைகள். உடைந்த ட்ரம்பெட், டிராம்போன், பித்தளைக் குழல்கள் ஆகியவற்றை உடலாகவும் கழுத்தாகவும் வைத்துச் செய்த ஒரு பறவைக் குழு, டாக்டரின் பயணத்துக்கு வாத்தியம் வாசிக்க வரிசையில் நிற்கிறது. ஒவ்வொன்றின் முகத்திலும் ஒவ்வொரு குணம். ஒன்று சலித்துப்போன வித்வான், ஒன்று புதிதாகச் சேர்ந்த பையன். கண்ணுக்கு ஒரு திருகாணி, அலகுக்கு ஒரு குறடு, இவ்வளவுதான் மூலதனம். எவ்ரி 2020இல் காலமானார். முட்டை இன்னும் தரையில்தான் இருக்கிறது. எதிரே வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த நிலம், இந்தப் பக்கம் வெடிக்காமல் மேலே போக ஆசைப்பட்ட ஒருவரின் இரும்பு. அவர் அதை மனத்தில் வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தாரோ, மலிவாகக் கிடைத்ததோ, யார் கண்டது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்கா. 1911இல் தொடங்கியது, விஸ்கான்சினின் மாநிலப் பூங்காக்களில் அதிகக் கூட்டம் வருவது. வாசலில் காருக்குச் சீட்டு வாங்க வேண்டும். வெளிமாநில எண் பலகை என்றால் கட்டணம் கூடுதல். ஏரி முந்நூற்று அறுபது ஏக்கர். மூன்று பக்கம் ஐந்நூறு அடி உயரத்துக்குப் பாறைச் சுவர்கள், அடியில் சரிந்து கிடக்கும் பெருங்கற்கள். கல்லின் நிறம் கத்தரிப்பூவுக்கும் செங்கல்லுக்கும் இடைப்பட்டது. குவார்ட்சைட் என்ற பாறை, வயது சுமார் 170 கோடி ஆண்டு. ஒரு கடற்கரையின் மணலாகத்தான் அது இருந்தது. புதைந்து, அழுத்தப்பட்டு, வெந்து, ஒரு மணலை இன்னொரு மணலிலிருந்து பிரிக்க முடியாதபடி இறுகிவிட்டது. ஆனால் ஏறும் வழியில் சில பாறைகளின் முதுகைத் தடவிப் பார்த்தால் வரிவரியாக மேடுபள்ளம் தட்டுப்படும். அலை வந்துபோன தடம். மெரினாவில் ஈர மணலில் காலடியில் படுமே, அதே இடைவெளி, அதே வளைவு. செடிகள் தோன்றுவதற்கும் மீன்கள் தோன்றுவதற்கும் முன்னால் அடித்த அலை.

ஏரி மட்டும் நேற்றைய சமாச்சாரம். இந்தப் பள்ளத்தாக்கு வழியே ஒரு காலத்தில் ஆறு ஓடியது. பதினைந்து, பதினெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிப்பாளம் கிழக்கிலிருந்து வந்து, மலையைச் சுற்றி வளைத்து, பள்ளத்தாக்கின் இரண்டு முனைகளிலும் மண்ணையும் கல்லையும் கொட்டிவிட்டு உருகியது. ஆறு வேறு வழி தேடிக்கொண்டது. இரண்டு அடைப்புகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர்தான் ஏரி. வெளியே வடிந்துபோக அதற்கு ஓடை கிடையாது. ஹோச்சங்க் மக்களுக்கு இது புனித ஏரி. அவர்களது முன்னோர் பறவை, விலங்கு வடிவங்களில் எழுப்பிய மண்மேடுகள் கரையில் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே கபாப் சுடும் அடுப்புகளும் கைப்பந்து வலையும் இருப்பதைப் பார்த்துக்கொண்டே கடந்தோம்.

கிழக்குப் பாறையில் ஏறும் கல் படிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாமல் திரிந்த இளைஞர்களுக்கு ரூஸ்வெல்ட் அரசு காடு மலைகளில் வேலை கொடுத்தது. அதில் ஒரு முகாம் 1935 முதல் 1941 வரை இங்கே இருந்தது. படிகளில் பல அவர்கள் கையால் வைத்தவை. சிமெண்ட் தெரிவதில்லை, கல்லைக் கல்லே பிடித்துக்கொண்டிருக்கிறது. என் முழங்கால் அந்த இளைஞர்களை மனத்துக்குள் திட்டியதுண்டு என்றாலும், எண்பது பனிக்காலம் கடந்தும் ஒரு படிகூட ஆடவில்லை. உச்சியில் டெவில்ஸ் டோர்வே என்ற பாறை வாசல் இருக்கிறது. எல்லோரும் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம். பிணந்தின்னிக் கழுகுகள் எங்கள் கண்மட்டத்துக்குக் கீழே வட்டமிட்டன. மேலிருந்து கழுகின் முதுகைப் பார்ப்பது புதிய அனுபவம்.

இந்தப் பகுதியின் மண்மேடுகளில் ஒன்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஊருக்கு வடகிழக்கே வயல்களுக்கு நடுவில், மேன் மவுண்ட் என்ற சின்னப் பூங்கா. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனித உருவம், தரையில் மல்லாந்து, தலையில் கொம்புபோல் இரண்டு நீட்சிகளோடு. நீளம் 214 அடி. 1859இல் வில்லியம் கேன்ஃபீல்டு என்பவர் இதை அளந்து வரைந்துவைத்தார். 1905இல் சாலை போட்டபோது முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். மிச்சமாவது நிற்கட்டும் என்று வரலாற்றுச் சங்கமும் தொல்லியல் சங்கமும் பெண்கள் சங்கங்களும் சேர்ந்து பணம் திரட்டி நிலத்தை வாங்கியது 1907இல். வட அமெரிக்காவில் மனித வடிவ மண்மேடுகளில் தப்பியது இது ஒன்றுதான். 2016இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். தரையில் நின்று பார்த்தால் புல்மேடு மட்டுமே தெரியும். சுற்றி நடந்தால் தோள் எங்கே, கழுத்து எங்கே என்று கால்தான் கண்டுபிடிக்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் சாலை ஓடுகிறது. நாங்கள் நின்றிருந்தபோது ஒரு டிராக்டர் அந்தக் கால்களின்மேல் ஏறிப் போனது.

மதியச் சாப்பாடு நீதிமன்றச் சதுக்கத்தில். எண்ணெயில் பொரித்த சீஸ் கட்டிகள்தான் இந்த மாநிலத்தின் பஜ்ஜி. பொரிக்காத புதுச் சீஸ் கட்டியைக் கடித்தால் பல்லில் ‘கீச்’சென்று சத்தம் வரும், வராவிட்டால் பழசு என்று அர்த்தம். இதை அண்ணன் மகள் சுங்க அதிகாரிபோல் ஒவ்வொரு கட்டியிலும் சோதித்துக்கொண்டிருந்தாள்.

சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு நாடக அரங்கு. முகப்பைப் பார்த்தால் வழிதவறி வந்துவிட்டதுபோல் இருக்கும். வெர்சாய் அரண்மனையின் ஓபரா அரங்கை மாதிரியாகக் கொண்டு, சிகாகோவின் ராப் அண்டு ராப் நிறுவனம் வடிவமைத்தது. 1915 நவம்பரில் திறப்பு விழா. கட்டியவர் ஆல் ரிங்லிங், சர்க்கஸ்காரர். ஏரைத் தூக்கி மோவாயில் நிறுத்தி வித்தை காட்டியவர். விழா முடிந்து ஒன்றரை மாதத்தில், 1916 புத்தாண்டு தினத்தன்று இறந்துபோனார். அரங்கில் இப்போதும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

ரிங்லிங் சகோதரர்கள் ஏழு பேர். தந்தை ஜெர்மனியிலிருந்து வந்தவர், குதிரைச் சேணம் தைப்பவர். சகோதரர்களில் ஐவர் கூட்டுச் சேர்ந்து 1884 மே மாதம் இந்த ஊரில் முதல் கூடாரம் அடித்தார்கள். 1890இல் ரயிலுக்கு மாறினார்கள். கோடை முழுக்க நாடு சுற்றிவிட்டு, பனிக்காலத்தில் பாரபூ ஆற்றங்கரைக்குத் திரும்பிவிடுவார்கள். தாய்வழிச் சொந்தங்களான கோல்மார்கள் தனியாக ஒரு சர்க்கஸ் நடத்தினார்கள். இன்னொரு உறவான மோலர் குடும்பம் வண்டி செய்து கொடுத்தது. ஒரு ஊரே ஒரு தொழிலில் இறங்கியிருந்தது. 1907இல் பார்னம் அண்டு பெய்லி சர்க்கஸை வாங்கினார்கள். பெரிய மீனை விழுங்கிய பிறகு சின்னக் குளம் போதாது. 1918க்குப் பின் இரண்டு சர்க்கஸையும் ஒன்றாக்கிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய்விட்டார்கள், அங்கிருந்து ஃபுளோரிடாவுக்கு. ஊரில் எஞ்சியவை யானைக்கொட்டில், குதிரை லாயம், ஒட்டகக்கொட்டில், வேலையில்லாத ஆட்கள்.

அந்தச் செங்கல் கட்டடங்களைச் சுற்றித்தான் சர்க்கஸ் வேர்ல்டு அருங்காட்சியகம். ரிங்லிங் நிறுவனத்துக்கு வழக்கறிஞராக இருந்த ஜான் கெல்லி முன்கையெடுக்க, 1959இல் திறந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட சர்க்கஸ் வண்டிகள் இங்கே இருக்கின்றன. ஊர்வலத்தில் தெருவை அடைத்துப் போவதற்காகச் செய்தவை. டிராகன், சிங்கம், இறக்கை விரித்த தேவதைகள், எல்லாம் மரத்தில் செதுக்கித் தங்கரேக்கு ஒட்டியவை. சக்கர ஆரங்களுக்கு இடையே மஞ்சளும் சிவப்புமாகச் சூரியன் வரைந்திருக்கிறார்கள்; உருளும்போது சுழலும். நம் கோயில் தேர்கள் நினைவுக்கு வரும், வரத்தான் செய்யும். பழுதுபார்க்கும் பட்டறையில் கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் ஒரு சிங்கத்தின் பிடரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எத்தனை முறை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது.

கோடையில் பெரிய கூடாரத்தில் காட்சி நடக்குமாம். நாங்கள் போனபோது சீசன் முடிந்து கூடாரம் வெறுமையாக இருந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. யானைக்கொட்டிலின் முன் நின்றபோது, இத்தனை தடித்த சுவர் எதற்கென்று யோசித்தேன். இங்கே ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி போகும். பார்னம் 1850இல் இலங்கைக்குக் கப்பல் அனுப்பி யானைகளைக் கொண்டுவரச் செய்தவர். அந்த வியாபாரம் அதோடு நிற்கவில்லை. ஆசியக் காடுகளில் பிடிபட்ட யானைகள் ஐம்பது அறுபது ஆண்டுகள் பனியில் நின்று, ரயிலில் ஏறி இறங்கி, ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டின. அருங்காட்சியகம் வண்டிகளைப் பற்றிச் சொல்வதில் கால்பங்கு அக்கறையை அவற்றின்மேல் காட்டியிருக்கலாம். ரிங்லிங் சர்க்கஸ் 2016இல் யானைகளை ஓய்வுக்கு அனுப்பியது, 2017இல் கூடாரத்தையே மூடியது, 2023இல் விலங்குகள் இல்லாமல் மறுபடி கிளம்பியிருக்கிறது. பாரபூவுக்கு இதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அது நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடைகொடுத்துவிட்டது.

அருங்காட்சியகத்தை ஒட்டி ஓடும் ஆறும் பார்க்க வேண்டியதுதான். ஊருக்குள் சில மைல் தூரத்திலேயே நாற்பது அடிக்கு மேல் இறங்கும் வேகமான ஆறு அது. அதனால்தான் மாவுமில்லும் மரமில்லும் அணைகளும் இங்கே வந்தன, ஊரும் வந்தது. மில்கள் போனபின் அணைகள் மட்டும் நின்றன. 1990களின் கடைசியில் ஒவ்வொன்றாக இடிக்கத் தொடங்கி 2001இல் முடித்தார்கள். இப்போது நூறு மைலுக்கு மேல் தடையில்லாமல் ஓடுகிறது. கயாக் படகில் இரண்டு பேர் கல்லில் முட்டாமல் போக அரும்பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு வடக்கே ஒரு குதிரைப் பண்ணை இருந்தது. உரிமையாளரின் மகன் ரான் சாவி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் பறவைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். உடன் படித்தவர் ஜார்ஜ் ஆர்ச்சிபால்டு என்ற கனடாக்காரர். இருவரும் 1973இல், ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் அந்தப் பண்ணையில் சர்வதேசக் கொக்கு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். நம் வயல்களில் நிற்கும் வெள்ளைக் கொக்கைச் சொல்லவில்லை. அது வேறு குடும்பம். இவை ஆள் உயரத்துக்கு நிற்கும் பெருங்கொக்குகள். உலகில் மொத்தம் 15 இனங்கள். பதினைந்தையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் உலகில் இங்கேதான் வர வேண்டும்.

ஜோடி ஜோடியாக, ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் குட்டை, தனிப் புல்வெளி. வட இந்திய வயல்களின் சாரசக் கொக்கு இருக்கிறது. பறக்கும் பறவைகளில் அதுதான் உயரம். எங்களைக் கண்டதும் ஆணும் பெண்ணும் கழுத்தை வானத்துக்கு நீட்டி ஒன்றாகக் குரலெழுப்பின. காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்து வெள்ளைவெளேரென்று சைபீரியக் கொக்கு. ஆப்கானிஸ்தான் வழியாகப் பறந்து பரத்பூர் ஏரிக்கு வந்துகொண்டிருந்த கூட்டம், ஆண்டுக்காண்டு குறைந்து, 2002க்குப் பிறகு வரவேயில்லை. நம் நாட்டில் இனி பார்க்க முடியாத பறவையை மக்காச்சோள வயல்களுக்கு நடுவில் பார்த்தேன். அது என்னைப் பொருட்படுத்தாமல் சேற்றில் எதையோ கிளறிக்கொண்டிருந்தது.

வட அமெரிக்காவுக்குச் சொந்தமான வூப்பிங் கொக்கின் கதை இன்னும் விநோதம். 1941இல் காட்டில் எஞ்சியவை இருபதுக்குச் சற்று மேல். டெக்ஸ் என்ற பெண்கொக்கு விலங்குக்காட்சிச் சாலையில் மனிதர் கையில் வளர்ந்ததால் ஆண்கொக்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மனிதனைத்தான் தன் இனம் என்று நினைத்தது. ஆர்ச்சிபால்டு அதனோடு குடிசை போட்டுத் தங்கினார். கொக்கு குதித்தால் இவரும் குதித்தார், இறக்கை விரித்தால் கை விரித்தார். பல வருட நடனத்துக்குப் பிறகு, செயற்கைக் கருவூட்டலில் 1982இல் ஒரே ஒரு குஞ்சு பொரிந்தது. சில வாரங்களில் ரக்கூன்கள் டெக்ஸைக் கொன்றுவிட்டன. ஆர்ச்சிபால்டு அந்தச் சமயம் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டிருந்தார். நடனத்தைக் கேட்டுச் சிரிக்க உட்கார்ந்திருந்தவர்களிடம் இழவுச் செய்தியைச் சொல்ல நேர்ந்தது.

அந்தப் பாடத்திலிருந்துதான் வெள்ளை அங்கி வந்தது. குஞ்சுகளை வளர்ப்பவர்கள் தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு, ஒரு கையில் கொக்குத்தலைப் பொம்மையை மாட்டி அதன் அலகால் இரை ஊட்டுகிறார்கள். பேசவே மாட்டார்கள். 2001 முதல், பக்கத்திலுள்ள நெசீடா சரணாலயத்திலிருந்து ஃபுளோரிடா வரை, இலகுரக விமானத்தைத் தாய் என்று நம்பவைத்து, வலசைப் பாதையைக் கற்றுக்கொடுத்தார்கள். குஞ்சுகள் பாதையைக் கற்றன. ஆனால் நெசீடாவில் கூடு கட்டினால் கறுப்பு ஈக்கள் மொய்த்து அடைகாக்க விடாமல் விரட்டின. பதினைந்து ஆண்டுகளில் விமானத் திட்டம் நிறுத்தப்பட்டது. டெக்ஸஸுக்கும் கனடாவுக்கும் இடையே தானாகப் போய்வரும் பழைய கூட்டம் மட்டும் ஐந்நூறைத் தாண்டியிருக்கிறது. இங்கே வழிகாட்டிய தொண்டர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையாம், இதையெல்லாம் தோல்வி, வெற்றி என்று பிரிக்காமல் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அது பிடித்திருந்தது.

வூப்பிங் கொக்கின் உறவான சாண்ட்ஹில் கொக்கும் 1930களில் இந்த மாநிலத்தில் இருபத்தைந்து ஜோடி அளவில்தான் இருந்தது. இது இனிப் பிழைக்காது என்று நினைத்து வருந்தி எழுதியவர் ஆல்டோ லியோபோல்டு. அவர் இடமும் பாரபூவுக்கு வெளியேதான். பல்கலைக்கழகப் பேராசிரியர், 1935இல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில், உழுது உழுது மணலாகிப்போன ஒரு கைவிடப்பட்ட பண்ணையை வாங்கினார். வீடு எரிந்துபோயிருந்தது, நின்றது ஒரு கோழிக்கொட்டகை. அதைக் கூட்டிப் பெருக்கி, மனைவியும் ஐந்து பிள்ளைகளுமாக வாரக் கடைசிகளில் வந்து தங்கி, ஆயிரமாயிரமாகப் பைன் கன்று நட்டார்கள். வறட்சியில் பெரும்பாலானவை கருகிய வருடங்களும் உண்டு. 1948 ஏப்ரல் 21ஆம் தேதி பக்கத்துப் பண்ணையில் பிடித்த புல்தீயை அணைக்கப் போனவர் மாரடைப்பில் விழுந்தார். அந்த இடத்து அனுபவங்களை எழுதிய அவரது புத்தகம் மறு ஆண்டு வெளிவந்து, சூழலியலின் ஆதி நூல்களுள் ஒன்றாகிவிட்டது. அவர் விழுந்த இடத்தருகே 2007இல் ஒரு மையம் கட்டியிருக்கிறார்கள். உத்தரம், தூண், பலகை எல்லாம் அந்தக் குடும்பம் நட்ட பைன் மரங்களை இடைவெளிக்காகக் கழித்தபோது கிடைத்தவை.

கொட்டகை அப்படியே இருக்கிறது. ஒரே அறை, கணப்பு அடுப்பு, ஓரத்தில் அடுக்குப் படுக்கை. வெளியே இறங்கினால் அறுவடைக்கு நிற்கும் மக்காச்சோளம். அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் சாண்ட்ஹில் கொக்குகள், எண்ணத் தொடங்கி விட்டுவிடும் அளவுக்கு. லியோபோல்டு நினைத்தது பலிக்கவில்லை. மாநிலத்தில் இப்போது அவை பல்லாயிரம். வசந்தத்தில் விதைத்த சோளத்தை வரிசை தப்பாமல் தோண்டித் தின்கின்றன என்று விவசாயிகள் கொதிக்கிறார்கள். வேட்டைக்கு அனுமதி வேண்டுமென்று சட்டமன்றத்தில் அவ்வப்போது மசோதா வருகிறது. கொக்குக்குக் கசக்கும் மருந்தை விதையில் பூசினால் போதும் என்கிறது அறக்கட்டளை. மருந்துக்கு யார் பணம் தருவது என்பது விவசாயிகளின் கேள்வி. நியாயமான கேள்விதான். காப்பாற்றுவதற்குக் கிடைத்த கைத்தட்டல், காப்பாற்றிய பின் ஆகும் செலவுக்குக் கிடைப்பதில்லை.

திரும்பும்போது 113ஆம் எண் சாலை. மெரிமாக் என்ற ஊரில் சாலை நேராக ஆற்றுக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே பாலம் கிடையாது. இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் ஒரு மிதவைப் படகு, ஒரு தடவைக்குப் பதினைந்து கார்கள். இங்கே 1840களிலிருந்து படகு ஓடுகிறது. 1933 முதல் மாநில அரசு காசு வாங்காமல் விடுகிறது. அரசுக் கணக்கில் இது சுற்றுலாத் தலமே இல்லை, நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. ஆனாலும் வரிசையில் நின்ற கார்களில் பாதி, படகில் ஏறுவதற்காகவே வந்தவை. கரையில் ஐஸ்கிரீம் கடை வேறு.

“ஏழு நிமிஷம்தான் அத்தை, கார்லயே இருங்க” என்றாள். யாரும் இருக்கவில்லை. எல்லோரும் இறங்கிக் கம்பியோரம் போய் நின்றுகொண்டார்கள், கையில் உருகும் ஐஸ்கிரீமோடு, எங்களுக்கு முன்னால் நின்ற லாரி டிரைவர் உட்பட. ஆறு உறைந்ததும் படகை நிறுத்திவிடுவார்களாம். பிறகு வசந்தம் வரும்வரை சாக் சிட்டிப் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் மேடிசன் போக வேண்டும்.